விவாதத்தில் ஜெயித்தவர் தேர்தலில் தோற்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் தேர்தலில் டிவி விவாதங்கள் ஓட்டை மாற்றுமா என்ற கேள்விக்குப் போன மாதம் நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன், "கொஞ்சம்தான் மாற்றும், ஆனால் அந்தக் கொஞ்சமே சில சமயம் போதும்" என்று. அது போதாது, விளக்கமாக எழுதுங்கள் என்று சென்னையின் பல மூலைகளிலிருந்து கடிதங்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே.

2024 செப்டம்பர் 11 காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் டிவி முன்னால் எல்லாரும் ஆஜர். கமலா ஹாரிஸின் தாத்தா எங்கள் ஏரியாவில் வாழ்ந்தவர் என்ற பாசம். டிரம்பை அவர் நன்றாகவே மடக்கினார், அவர்தான் ஜெயித்தார் என்று நிபுணர்களும் சொன்னார்கள். நவம்பரில் பார்த்தால் மாநில வாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டில் டிரம்புக்கு 312, இவருக்கு 226. அப்புறம் அந்த விவாதத்துக்கு என்னதான் மதிப்பு?
– வாசகர், பெசன்ட் நகர்

நீங்கள் பார்த்தது தப்பில்லை. விவாதம் முடிந்த கையோடு சிஎன்என் எடுத்த கணிப்பில், பார்த்தவர்களில் 63 சதவீதம் பேர் ஹாரிஸ்தான் நன்றாகப் பேசினார் என்றார்கள், டிரம்ப் என்றவர்கள் 37 சதவீதம். ஆனால் அந்தக் கணிப்பு கேட்டது "யார் நன்றாகப் பேசினார்" என்பதை. "யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்" என்பது வேறு கேள்வி, முதல் கேள்விக்கு ஒருவர் பெயரையும் இரண்டாவதற்கு இன்னொருவர் பெயரையும் ஒரே ஆள் சொல்வது சர்வ சாதாரணம். எதிர்க்கட்சிக்காரர் சட்டசபையில் பிரமாதமாகப் பேசினார் என்று மெச்சிவிட்டு நம் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறோமே, அவர்களும் அப்படித்தான்.

யார் பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அந்த விவாதத்தை அமெரிக்காவில் டிவியில் பார்த்தவர்கள் சுமார் 6 கோடியே 70 லட்சம் பேர், தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 15 கோடிக்கும் மேல். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் அரசியலில் ஊறியவர்கள், யாருக்கு ஓட்டு என்று எப்போதோ முடிவு செய்தவர்கள். இன்னும் முடிவு செய்யாதவர் என்று ஒருவர் இருந்தால் அவர் பெரும்பாலும் அரசியலில் அக்கறை குறைந்தவர், அன்றைக்கு ராத்திரி வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார். யாரை அசைக்க முடியுமோ அவர்தான் பார்க்கவில்லை. விவாதங்களின் பலம் குறைவாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது ஹாரிஸுக்கு மட்டும் நடந்ததல்ல. 2004-ல் ஜான் கெர்ரி முதல் விவாதத்தில் புஷ்ஷைத் தெளிவாக மிஞ்சினார், தேர்தலில் தோற்றார். 2016-ல் ஹிலரி கிளின்டன் மூன்று விவாதங்களிலும் முன்னிலை என்று கணிப்புகள் சொல்லின, முதல் விவாதத்தை 8 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள், அதுவே இன்றுவரை சாதனை. என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கரோலின் லெ பென்னெக், வின்சென்ட் போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1952 முதலான 62 தேர்தல்களையும் 56 டிவி விவாதங்களையும் பல நாடுகளிலிருந்து எடுத்து, ஒரே வாக்காளரிடம் தேர்தலுக்கு முன்னும் பின்னும் கேட்ட பதில்களை ஒப்பிட்டார்கள். விவாதத்தால் வாக்காளர்கள் தங்கள் தேர்வை முடிவு செய்ததாகவோ மாற்றிக்கொண்டதாகவோ தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

2024-ல் விலைவாசியும் குடியேற்றமும் மக்கள் மனதை அடைத்துக்கொண்டு நின்றன. ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறியவர்கள் வீட்டு நாய் பூனையைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் அன்று சொன்ன பொய், உலகம் முழுக்க ரீல்ஸாகச் சுற்றியது, நம் வாட்ஸ்அப் குரூப்புகள் வரை வந்தது. மளிகைக் கடை பில்லைப் பார்த்துக் கோபத்தில் இருந்தவர் அதைப் பார்த்து ஓட்டை மாற்றவில்லை.

1960-ல் ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்ததாகவும் டிவியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்ததாகவும் நினைத்தார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– இதழியல் மாணவி, நந்தனம்

பாதி உண்மை, அந்தப் பாதியும் பலவீனமானது. உங்கள் பேராசிரியர் மேல் குற்றமில்லை, அறுபது வருஷமாக எல்லா ஊரிலும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

முதலில் உறுதியானவை. 1960 செப்டம்பர் 26, சிகாகோவில் ஒரு டிவி ஸ்டூடியோ. அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் இருவர் டிவியில் நேருக்கு நேர் விவாதித்த முதல் நாள். நிக்சன் ஆகஸ்டில் கார் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு, அதில் சீழ் பிடித்து, இரண்டு வாரம் போல ஆஸ்பத்திரியில் கிடந்து, உடல் மெலிந்து வந்திருந்தார். முறையான மேக்கப்பை மறுத்துவிட்டு, தாடி நிழலை மறைக்க ஏதோ ஒரு பவுடரைப் பூசிக்கொண்டார், விளக்குச் சூட்டில் வியர்த்து வழிந்தது. போட்டிருந்த வெளிர் கோட்டு கறுப்பு வெள்ளைத் திரையில் பின்னணியோடு கலந்துபோனது. எதிரே கென்னடி வெயிலில் பழுத்த நிறத்தோடு கறுப்புக் கோட்டில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்.

அந்த ரேடியோ கதை எங்கிருந்து வருகிறது என்றால், ஒரே ஒரு தனியார் கணிப்பிலிருந்து. அதில் ரேடியோவில் மட்டும் கேட்டவர்கள் சில நூறு பேர்தான். 1960-லேயே அமெரிக்காவில் பத்தில் ஒன்பது வீடுகளில் டிவி வந்துவிட்டது, ஆகவே ரேடியோவை நம்பி இருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கிராமப்புறத்தினர், புராட்டஸ்டன்ட்டுகள், கத்தோலிக்கரான கென்னடியை ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்த்தவர்கள். அவர்களை எதிரே டிவியை வைத்து உட்கார வைத்திருந்தாலும் நிக்சன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். குரல் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என்று பிரித்துக் காட்ட அந்தக் கணக்கு போதாது.

அன்றைக்கு உண்மையில் நடந்தது வேறு என்று நான் நினைக்கிறேன். நிக்சன் எட்டு வருஷம் துணை அதிபர். கென்னடி 43 வயது செனட்டர், அனுபவம் போதாது என்பதே அவர் மேல் இருந்த பெரிய குறை. அந்த மேடையில் இருவரும் சரிசமமாக நின்றதுமே அந்தக் குறை பாதி கரைந்துபோனது. அறிமுகம் குறைந்தவருக்கு விவாதம் உதவும், எல்லாருக்கும் தெரிந்தவருக்குக் கெடுக்க மட்டுமே செய்யும். இதனால்தான் முன்னிலையில் இருப்பவர்கள் விவாதம் என்றாலே தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். 1964, 1968, 1972 மூன்று தேர்தல்களிலும் விவாதமே நடக்கவில்லை. எல்லா வேட்பாளருக்கும் சம நேரம் தர வேண்டும் என்ற ஒளிபரப்புச் சட்டம் ஒரு காரணம், முன்னிலையில் இருந்தவர்களுக்கு விருப்பமில்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

கென்னடி ஜெயித்தது நாடு முழுக்க 6 கோடியே 88 லட்சம் ஓட்டில் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய வித்தியாசத்தில். சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சுமார் 9,000 ஓட்டு. இத்தனை நெருக்கமான தேர்தலில் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் பொருந்தும், விவாதம் என்றாலும் சரி, சிகாகோ மேயரின் கட்சி இயந்திரம் என்றாலும் சரி, துணை அதிபர் வேட்பாளராக டெக்சாஸிலிருந்து லிண்டன் ஜான்சனைப் போட்டது என்றாலும் சரி. இதில் ஒன்றை மட்டும் எடுத்து "இதனால்தான் ஜெயித்தார்" என்று எழுதாதீர்கள், இதழியல் படிக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஒவ்வொரு விவாதத்துக்கும் பிறகு கணிப்புகள் எகிறுகின்றன, மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகின்றன. 35 வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன், எனக்கே புரியவில்லை. மக்கள் இவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவார்களா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அம்பத்தூர்

மாற மாட்டார்கள் சார். உங்கள் சந்தேகம் சரியான இடத்தில் கை வைக்கிறது.

2012 அக்டோபர் 3, டென்வர். ஒபாமா மந்தமாக, குனிந்து குறிப்பெழுதிக்கொண்டே பேசினார், மிட் ராம்னி துடிப்பாக இருந்தார். செப்டம்பரில் ஒபாமாவுக்கு 8 புள்ளி முன்னிலை காட்டிய பியூ ஆய்வு மையம், விவாதத்துக்குப் பிறகு எடுத்த கணிப்பில் ராம்னிக்கு 4 புள்ளி முன்னிலை காட்டியது. 12 புள்ளி ஊசல், ஒரே ஒரு விவாதத்தில். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அலறிவிட்டார்கள். நவம்பரில் ஒபாமா ஏறக்குறைய 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

புள்ளியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ கெல்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தத் தேர்தலில் ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட பதில்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது: ஓட்டை மாற்றியவர்கள் மிகக் குறைவு, மாறியது யார் கணிப்புக்குப் பதில் சொல்ல முன்வந்தார்கள் என்பதுதான். சேப்பாக்கத்தில் சிஎஸ்கே மோசமாகத் தோற்ற மறுநாள் டீக்கடையில் மேட்ச் பேச்சை எடுத்தால் நம் ஆட்கள் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள், எதிர் டீம்காரர் மட்டும் விலாவாரியாகப் பேசுவார், ஆனால் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர்கூடக் கட்சி மாறியிருக்க மாட்டார். டென்வருக்குப் பிறகு ஒபாமா ஆதரவாளர்களும் போனை எடுக்கவில்லை. ராம்னி ஆட்கள் உற்சாகமாக எடுத்துப் பேசினார்கள்.

இதோடு பிழை எல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒரு வேட்பாளரின் சதவீதமே மூன்று புள்ளி மேலோ கீழோ போகலாம், இருவருக்கும் இடையிலான முன்னிலையோ ஏறக்குறைய ஆறு புள்ளி வரை ஆடும். இரண்டு புள்ளி முன்னிலை என்று தலைப்பு வந்தால் அதைச் சமநிலை என்றே படியுங்கள். ஒரே ஒரு கணிப்பைப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை, பல கணிப்புகளின் சராசரியை இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள், அப்போதும் நின்றால்தான் அது நகர்வு.

ஆனால் இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. 1976 அக்டோபர் 6, சான் ஃபிரான்சிஸ்கோ. அதிபர் பதவியில் இருந்த ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். கேட்ட பத்திரிகையாளரே நம்ப முடியாமல் மறுபடி கேட்டார், அப்போதும் போலந்து சுதந்திரமாக இருக்கிறது என்ற தொனியிலேயே பேசினார். விவாதம் முடிந்த உடனே கேட்கப்பட்டவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஃபோர்டுதான் மேல் என்றவர்கள்கூட அதிகம். மறுநாள் முழுக்கப் பேப்பரும் டிவியும் அந்த ஒரு வாக்கியத்தையே போட்டு அலச, மறுநாள் இரவுக்குள் எதிர்த்து நின்ற கார்ட்டர்தான் ஜெயித்தார் என்பது பெருவாரியான கருத்து ஆகிவிட்டது. பார்த்தது அதே மக்கள், அதே விவாதம். இடையில் வந்தது ஒரு நாள் பேச்சு. ஃபோர்டு பல நாள் பிடிவாதமாக இருந்துவிட்டுத்தான் தப்பை ஒப்புக்கொண்டார், அதனால் அந்தப் பேச்சு ஒரு வாரம் நீண்டது.

கோடையில் 30 புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்த ஃபோர்டு கடைசியில் வெறும் 2 புள்ளியில் தோற்றார், ஆகவே அந்தத் தடுமாற்றம் அவரைக் கீழே தள்ளியது என்பதைவிட, ஏறிக்கொண்டிருந்தவரை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது என்பதே பொருத்தம். ஒஹையோவை கார்ட்டர் எடுத்தது சுமார் 11,000 ஓட்டில், அந்த மாநிலத்துத் தொழில் நகரங்களில் போலந்து, ஹங்கேரி வம்சாவளிக் குடும்பங்கள் கணிசம். அந்த ஒரு வாக்கியம் அங்கே வேலை செய்திருக்கலாம் என்று என் உள்மனம் சொல்கிறது, நிரூபிக்க வழியில்லை.

மைக்கை அணைத்து வைக்கிறார்களே, அது எப்போதிலிருந்து?
– வாசகர், பல்லாவரம்

2020 செப்டம்பர் 29 கிளீவ்லாந்து விவாதத்தில் டிரம்ப் ஓயாமல் குறுக்கே பேசி, நெறியாளராலும் கட்டுப்படுத்த முடியாமல் போனது. அக்டோபர் 22 நாஷ்வில்லில் ஒருவர் தம் இரண்டு நிமிட ஆரம்பப் பதிலைச் சொல்லும்போது மற்றவர் மைக்கை அணைத்தார்கள். 2024-ல் ஒருவர் முறை வரும்போது மட்டுமே மைக், எதிரே பார்வையாளர்களும் இல்லை. நம் ஊர் சேனல்களில் இரவு எட்டு மணிக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டு நொந்தவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லி எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விவாதம் எதையுமே மாற்றாது போலிருக்கிறதே. உண்மையிலேயே தேர்தலை மாற்றிய விவாதம் ஒன்றாவது உண்டா அண்ணா?
– ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

உண்டு தம்பி, நம் கண் முன்னாலேயே நடந்தது. 2024 ஜூன் 27, அட்லாண்டா. பைடன் வாக்கியங்களை முடிக்க முடியாமல் தடுமாறினார், குரல் எழும்பவில்லை, ஒரு பதிலின் நடுவில் தொடர்பே அறுந்தது. கணிப்புகளில் அவர் இழந்தது ஒன்றிரண்டு புள்ளிதான், ஒரு மாதிரி இது மறுபடி என் பழைய பேச்சையே உறுதி செய்கிறது. ஆனால் வாக்காளர்கள் அசையாத இடத்தில் கட்சி அசைந்தது. எம்பிக்கள், நிதி தருபவர்கள், கட்சிப் பெரியவர்கள் என்று ஒவ்வொருவராக விலகச் சொல்ல, ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்தே விலகினார். ஒரு விவாதம் வேட்பாளரையே மாற்றிவிட்டது.

நடந்த தேதி இங்கே முக்கியம். ஜூன் மாதத்தில் விவாதம் வைப்பது வழக்கமே இல்லை. 1988 முதல் விவாதங்களை நடத்திவந்த ஆணையத்தை இரு தரப்பும் அந்த முறை ஒதுக்கிவிட்டு நேராக சேனல்களோடு பேசி முடிவு செய்ததால்தான் இவ்வளவு முன்னால் வந்தது. வழக்கம்போல செப்டம்பர் கடைசியில் நடந்திருந்தால் கட்சி மாநாடு முடிந்திருக்கும், பல மாநிலங்களில் வாக்குச்சீட்டு அச்சாகியிருக்கும், மாற்றவே முடிந்திருக்காது.

மறு கோடியில் 1980. அதிபராக இருந்த கார்ட்டர், எதிர்த்து நின்ற ரீகன் இருவரும் மோதியது ஒரே ஒரு முறை, அக்டோபர் 28, ஓட்டுப்பதிவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. சுமார் 8 கோடி பேர் பார்த்தார்கள். நாலு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ரீகன் மக்களையே கேட்டார். கடும் விலைவாசி, ஈரானில் அமெரிக்கப் பிணைக்கைதிகள். கேள்விக்கான பதில் ஒவ்வொரு வீட்டிலும் தயாராக இருந்தது. ரீகனை நம்பலாமா, போர் மூட்டிவிடுவாரா என்ற தயக்கம் மட்டும்தான் பலரைப் பிடித்து வைத்திருந்தது, திரையில் நிதானமாகச் சிரித்துப் பேசியவரைப் பார்த்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது. நெருக்கமாகத் தெரிந்த போட்டி 44 மாநில வெற்றியாக முடிந்தது. பதவியில் இருப்பவர் மேல் கோபம், எதிராளி மேல் தயக்கம், எதிர்வினைக்கு நேரமில்லாத தேதி, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் விவாதத்துக்கு உண்மையான பலம்.

அமெரிக்காவில் இன்னொரு கணக்கும் உண்டு, அங்கே ஜெயிப்பது நாட்டின் மொத்த ஓட்டால் அல்ல, மாநிலம் மாநிலமாகச் சேர்க்கும் தேர்வாளர் ஓட்டால். நாடு முழுக்க ஒரு புள்ளி நகர்ந்தால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும், ஆனால் 2016-ல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து சுமார் 78,000 ஓட்டுதான் முடிவு செய்தது. 2000-ல் புளோரிடாவில் 537. அந்த வருஷம் முதல் விவாதத்தில் புஷ் பேசும்போதெல்லாம் அல் கோர் மைக்கில் கேட்கும்படி பெருமூச்சு விட்டார், அது திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது, அவருடைய சிறு முன்னிலையும் அந்த அக்டோபரில் கரைந்தது. 537 ஓட்டுக்கு ஒரு பெருமூச்சே போதுமானது. வாக்குச்சீட்டு வடிவம், மூன்றாவது வேட்பாளர் ரால்ஃப் நேடர், எல்லாமே போதுமானவைதான்.

நம் ஊரில் முதல்வர் வேட்பாளர்களை ஒரே மேடையில் நிறுத்தி இப்படிக் கேள்வி கேட்க முடியாதா? ஓட்டை மாற்றாது என்றால் அது நமக்கு எதற்கு?
– வாசகி, பெரம்பூர்

கட்டாயம் வேண்டும் அம்மா, ஓட்டை மாற்றாது என்று தெரிந்தே சொல்கிறேன்.

நம் குடியரசுத் தலைவரை எம்பிக்களும் எம்எல்ஏக்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆகவே அமெரிக்க அதிபர் விவாதத்தோடு ஒப்பிட இங்கே பிரதமர், முதல்வர் பதவிகள்தான் இருக்கின்றன. 2024 மக்களவைத் தேர்தலின்போது முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, நம் சென்னையின் மூத்த பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் ஒப்புக்கொண்டார், விவாதம் நடக்கவில்லை. முன்னிலையில் இருப்பவர் வர மாட்டார் என்பது இங்கேயும் மாறவில்லை.

எனக்கு விவாதம் வேண்டும் என்பதற்குக் காரணம், சொன்னது பதிவாகும் என்பது. இங்கே ஒரு தலைவர் தம் கூட்டத்தில் ஒன்று சொல்கிறார், அடுத்தவர் தம் கூட்டத்தில் மறுக்கிறார், இருவரையும் அதே கேள்வியோடு ஒரே நேரத்தில் யாரும் நிறுத்துவதில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இனி கட்டடம் வராது என்று உறுதி தருவீர்களா, மழைநீர் வடிகால் வேலை எந்த மாதம் முடியும், பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டு, இரண்டு நிமிடம் குறுக்கீடு இல்லாமல் பதில் வாங்கிவிட்டால், அது ஐந்து வருஷத்துக்கும் அங்கேயே இருக்கும். அடுத்த டிசம்பர் வெள்ளத்தில் எடுத்துப் போட்டுக் காட்டலாம்.

நெருக்கமான போட்டிக்கும் நம்மிடம் குறைவில்லை. 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு, 2016-ல் ராதாபுரத்தில் அறிவித்தது 49. தலைவர்கள் வராவிட்டால் தொகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். சென்னையில் சில குடியிருப்போர் நலச் சங்கங்கள் தேர்தல் சமயத்தில் வேட்பாளர்களை அழைத்துக் கூட்டம் நடத்தியிருக்கின்றன. பெரம்பூரில் உங்கள் சங்கம் நடத்துவதானால் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: எல்லா வேட்பாளருக்கும் அதே கேள்வி முன்கூட்டியே எழுத்தில் போகட்டும், நேரத்தைக் கறாராக வைத்திருக்க எந்தக் கட்சியையும் சாராத ஒரு ஆசிரியரோ வழக்கறிஞரோ நெறியாளராக இருக்கட்டும், முழுப் பதிவையும் வெட்டாமல் யூடியூபில் போடுங்கள். வராதவருக்கு நாற்காலியைப் பெயரோடு காலியாக விடுங்கள். தேதி முடிவானதும் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன்.